வீவ் போல்ஸில் முதல் இடைவெளியைத் தவறவிடும் நாய்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். எங்கள் மீனு மூன்று வயது பார்டர் கோலி. உயரம் 49 சென்டிமீட்டர், அதனால் உயர அளவில் இன்டர்மீடியட் பிரிவு. கென்னல் கிளப் நடைமுறைப்படி நடக்கும் அஜிலிட்டி போட்டிகளில், அதாவது நாய் தடைகளை வரிசையாகக் கடந்து ஓடும் போட்டிகளில், தொடக்க நிலையான கிரேடு 1-இல் ஓடுகிறோம்.

தாண்டுவது, சுரங்கம், சீசா எல்லாம் நன்றாகவே செய்கிறாள். ஏ-ஃபிரேம் என்ற கூரை வடிவ ஏற்ற இறக்கப் பலகையில் கீழே உள்ள மஞ்சள் பகுதியைக்கூடத் தவறாமல் மிதித்து இறங்குகிறாள். சிக்கல் வீவ் போல்ஸில்தான், அதாவது வரிசையாக நட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடுவதில். முதல் கம்பம் இடது தோள் பக்கம் இருக்கும்படி நுழைய வேண்டும் அல்லவா? வீட்டுத் தோட்டத்தில் ஆறு கம்பங்களில் பத்துக்குப் பத்தும் சரியாக நுழைகிறாள். போட்டியில் சுரங்கத்திலிருந்து நேராகப் பாய்ந்து வரும்போது வேகம் குறையாமல் இரண்டாவது இடைவெளியில் புகுந்துவிடுகிறாள். போன ஞாயிறும் அதேதான். 5 ஃபால்ட், அதாவது தவறுக்கான புள்ளிகள். திரும்பக் கூப்பிட்டதும் காதை மடக்கி என் முகத்தைப் பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு அது விளையாட்டாகவே இருக்க வேண்டும்.

இரண்டிரண்டு கம்பமாக வைத்து, வெவ்வேறு கோணங்களில் மறுபடி முதலிலிருந்து பழக்கலாமா? அல்லது நுழைவில் மட்டும் வழிகாட்டும் கம்பி வளைவு வைத்து, வேகத்தோடு வரப் பழக்குவது நல்லதா? அப்புறம், அந்த இடத்தில் நான் அவளோடு ஓட வேண்டுமா, பின்தங்கி நிற்க வேண்டுமா? வேகமான நாயோடு இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.