வேன் ஐபி ஒன்று, வெளியே தெரிவது வேறு: ரூட்டர் முகவரி அனுபவங்களைப் பகிருங்கள்

நீலக்கம்பி:
வீட்டு கேமராவை வெளியிலிருந்து பார்க்கலாம் என்று ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன், அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பை கேமராவுக்குத் திருப்பிவிடும்படி வைத்தேன். உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து தொடர்பு கொண்டால் மட்டும் ஆள் அரவமே இல்லை. வாடிக்கையாளர் சேவையில் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

அப்புறம் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். வேன் ஐபி, அதாவது ரூட்டருக்கு வெளிப்பக்கத்தில் கிடைத்த முகவரி என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் எண். நம் ஐபி என்னவென்று காட்டும் தளங்கள் இருக்கின்றனவே, அங்கே போனால் முற்றிலும் வேறு எண். ரூட்டர் நேரடியாக இணையத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே சேவை நிறுவனத்திடம் இன்னொரு பெரிய ரூட்டர் உட்கார்ந்துகொண்டு, பல வீடுகளை ஒரே பொது முகவரியில் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. இதைத்தான் சிஜிநாட் என்கிறார்கள். 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையான எண்களை இதற்கென்றே 2012இல் ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து வருகிற அழைப்பு அந்தப் பெரிய ரூட்டரிலேயே நின்றுவிடும். என் வீட்டு ரூட்டரில் எத்தனை கதவைத் திறந்து வைத்தாலும் வீண்.

ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது, அதனால் நிறுவனத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் முதல் அழைப்பிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். கடைசியில் தனிக் கட்டணம் கட்டி நிலையான பொது ஐபி வாங்கினேன். உங்கள் ரூட்டரில் என்ன எண் இருந்தது, என்ன பாடு பட்டீர்கள், எழுதுங்கள்.

சும்மா_வந்தேன்:
அப்படியா! சில தளங்கள் என்னை அடிக்கடி "நீங்கள் ரோபோவா?" என்று கேட்பதும் இதனால்தானா?

நீலக்கம்பி:
இருக்கலாம். ஒரே பொது முகவரிக்குப் பின்னால் எத்தனையோ வீடுகள். அதில் யாரோ ஒருவர் கணினியில் வைரஸ் புகுந்து தளங்களைத் தொல்லை செய்தால் கெட்ட பெயர் முகவரிக்கு, அதாவது எல்லோருக்கும்.

ராக்கோழி:
நெட்வொர்க் பராமரிப்புதான் எனக்கு வேலை. நான் பார்த்ததிலேயே ஆளைச் சுற்றவிட்ட கேஸ் இது. "காலையில் லேப்டாப்பில் நெட் வருகிறது, மாலையில் வராது, அதே நேரம் போனில் வருகிறது" என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். சிக்னல் முழுசாக இருக்கிறது, வைஃபை இணைந்தும் இருக்கிறது. வேகச் சோதனை, கேபிள் மாற்றம், ரீசெட் எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தன.

லேப்டாப்பில் கமாண்ட் சன்னலைத் திறந்து ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுத்தேன். அதில் டிஎச்சிபி சர்வர் என்று ஒரு வரி வரும், கருவிக்கு முகவரி வழங்கியது யார் என்று காட்டும், யாரும் கண்டுகொள்ளாத வரி. அங்கே 192.168.0.1 என்று இருந்தது. வீட்டு ரூட்டரோ 192.168.1.1. அப்படியானால் முகவரி கொடுத்தது யார்? மாடியில் சிக்னல் போதவில்லை என்று பழைய ரூட்டர் ஒன்றை அலமாரிக்குப் பின்னால் வைத்து, அதன் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) கேபிளைச் செருகியிருந்தார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி வழங்கிக்கொண்டிருந்தது.

புதிதாக இணைகிற கருவிக்கு அப்போது சொந்த முகவரி கிடையாது. 0.0.0.0 என்று போட்டு, 255.255.255.255க்கு, அதாவது எல்லோருக்கும் கேட்கும்படி, "முகவரி தர யாராவது உண்டா?" என்று கூவும். யாருடைய பதில் முதலில் வருகிறதோ, பெரும்பாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். "இது எனக்கு வேண்டும்" என்று இது கேட்க, "சரி, உனக்குத்தான்" என்று அந்தப் பக்கம் உறுதி சொல்லும். இந்த நான்கு பேச்சோடு கதை முடிந்தது. பழைய ரூட்டர் முந்திக்கொண்ட நேரங்களில் முகவரி கிடைக்கும், இணையம் கிடைக்காது; ஏனென்றால் இணையம் வந்து சேர வேண்டிய அதன் வேன் போர்ட்டில் எதுவுமே இல்லை. யார் முந்துவார்கள் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். காலை, மாலை மர்மம் அவ்வளவுதான்.

பழைய ரூட்டரில் டிஎச்சிபியை அணைத்து, அதற்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்தேன். வழங்கும் எண்களின் வரிசைக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக் கொடுக்க வேண்டும். இப்போது மாடியில் வெறும் வைஃபை கொடுக்கிற பெட்டியாகப் பேசாமல் இருக்கிறது.

மாடிப்படி:
169.254 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தவர்கள் உண்டா? யாரும் முகவரி தராதபோது கணினி தானே வைத்துக்கொள்வது அது. எங்கள் வீட்டில் விசேஷத்துக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கினார்கள். சாயங்காலம் என் கணினிக்கே இடமில்லை. முகவரியின் கடைசி எண் 100 முதல் 149 வரைதான் ரூட்டர் வழங்கும்படி இருந்தது, லீஸ் காலம், அதாவது ஒரு எண் ஒருவர் பேரில் இருக்கும் நேரம், 24 மணி நேரம். வீட்டிலேயே இருக்கும் கருவி பாதி நேரம் ஆனதும் தானே கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். கிளம்பிப் போன சித்தப்பாவின் போன் எதுவும் கேட்காது, ஆனாலும் எண் மறுநாள் வரை அவர் பேரில்தான் கிடக்கும். வரிசையை 250 வரை நீட்டி, லீஸை இரண்டு மணி நேரமாகக் குறைத்தேன்.

ராக்கோழி:
நல்ல வேலை. இன்னொன்று, போனுக்கு நிலையான எண் ஒதுக்கிப் பார்த்து "வேலை செய்யவில்லை" என்பவர்கள் மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணைச் சரிபாருங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் உண்மையான மேக்குக்குப் பதில் ஒரு புனை முகவரியைக் காட்டுகின்றன. பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஒதுக்கினால் பலிக்காது.

கோப்புக்காரி:
வீட்டிலிருந்து விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு இணையம் வழியே சேரும் வழி) போட்டு அலுவலக சர்வர் 192.168.1.20ஐத் திறந்தேன். வந்து நின்றது என் வீட்டு பிரிண்டரின் பக்கம், "மை குறைவாக உள்ளது" என்ற எச்சரிக்கையோடு! வீட்டிலும் 192.168.1, அலுவலகத்திலும் 192.168.1. இவை யார் வேண்டுமானாலும் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1996இலேயே ஒதுக்கிய எண்கள் என்பதால் தவறும் இல்லை, ஆனால் இரண்டையும் விபிஎன் இணைக்கும்போது மோதுகிறது. வீட்டை 192.168.57 என்று மாற்றினேன். 10இல் தொடங்குவதையும் வைக்கலாம், ஆனால் பெரிய அலுவலகங்கள் அதைத்தான் அதிகம் எடுத்துக்கொள்கின்றன.

சும்மா_வந்தேன்:
எல்லோர் வீட்டிலும் ஒரே எண் என்றால், வெளியிலிருந்து வரும் பதில் சரியான போனுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

ராக்கோழி:
ரூட்டர் ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. 192.168.1.23 என்ற போன் 51514 என்ற போர்ட்டிலிருந்து (இங்கே போர்ட் என்பது துளை இல்லை, இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறது என்று வையுங்கள். ரூட்டர் அனுப்புநர் இடத்தில் தன் பொது முகவரியையும், 40022 போல ஒரு போர்ட்டையும் எழுதி அனுப்பும். பதில் 40022க்கு வந்தால் அட்டவணையைப் பார்த்து அந்தப் போனிடம் கொடுத்துவிடும். இப்படி முகவரியை மாற்றி அனுப்புவதுதான் நாட். போர்ட் எண் 65,535 வரைதான் போகும். சிஜிநாட்டில் இதையே பல வீடுகளுக்குக் கூறு போட வேண்டும், ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும்.

இரட்டைப்பூட்டு:
என் கேம் கன்சோல் நாட் வகை "ஸ்ட்ரிக்ட்" என்கிறது, நண்பர்களோடு குரல் அரட்டை சேரவே மாட்டேன் என்கிறது. சேவை நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நான் வாங்கிய ரூட்டரை வைத்திருக்கிறேன்.

நீலக்கம்பி:
உங்கள் ரூட்டரின் வேன் ஐபி 192.168 என்று தொடங்குகிறதா பாருங்கள். ஆமென்றால் இரண்டு பெட்டியும் நாட் செய்கின்றன. சேவைப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றினால் அது ஒதுங்கிக்கொள்ளும், முகவரி நேராக உங்கள் ரூட்டருக்கு வரும். அதற்குப் பிறகும் 100.64 வகை எண் வந்தால் என் கதைதான் உங்களுக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நுழைகிற பிபிபிஓஇ இணைப்பாக இருந்தால் அவற்றை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். மாற்றியபின் அவற்றை உங்கள் ரூட்டரில்தான் போட வேண்டும், பழைய பெட்டியின் செட்டிங்ஸ் பக்கமும் அதற்கப்புறம் லேசில் திறக்காது.