தினம் மாறும் பூ விலைப் பலகைக்கு எந்த வெப்சைட் பில்டர் சரிவரும்?

வணக்கம் நண்பர்களே. தோவாளைப் பூச்சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவருக்கு வெப்சைட் செய்கிறேன். மற்ற பக்கங்களில் சிக்கல் இல்லை, விலைப் பலகைதான் இழுக்கிறது. பிச்சி, மல்லி, அரளி, மஞ்சள் கேந்தி என்று பூவுக்கு ஒரு அட்டை: படம், பெயர், கிலோ விலை. வரத்து இல்லையென்றால் அட்டை மங்கிவிட வேண்டும். ஓணம் சமயத்தில் காலையில் ஒரு விலை, கொஞ்ச நேரத்தில் இன்னொரு விலை. அண்ணன் சந்தையில் நின்றபடியே போனில் மாற்றுவார். டிசைனில் கை பட்டுவிடக் கூடாது.

வெப்ஃப்ளோ பில்டரில் அட்டையைக் காம்போனென்டாக்குவது, அதாவது ஒருமுறை செய்து பல இடத்தில் பயன்படுத்துவது, சுலபம். ஆனால் வேறு ஹோஸ்டிங்குக்காகத் தளத்தின் கோட்-ஐ எக்ஸ்போர்ட் செய்தால், சிஎம்எஸ் தரவு (நாம் உள்ளிடும் பூ, விலை விவரங்கள்) அதோடு சேர்ந்து வராது. ஃப்ரேமர் என்ற இன்னொரு பில்டரில் ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்ட்) கோட் எழுதலாம், ஹோஸ்டிங் அவர்களிடமேதான். வேர்ட்பிரஸ், அதில் பக்கம் வடிவமைக்கும் எலிமென்டார் பிளக்இன் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. அட்டைகளைக் காட்டும் விட்ஜெட்டை பிஎச்பியில் நானே எழுத வேண்டும், பரவாயில்லை.

விட்ஜெட்டுக்குள்ளேயே விலைகளை வரிசையாக நிரப்பும் ரிப்பீட்டர் வைத்தால், விலை மாற்ற ஒவ்வொரு முறையும் டிசைன் எடிட்டரைத் திறக்கணும். அதனால் விலையை வேர்ட்பிரஸில் தனி போஸ்ட் டைப்பில் (தனி வகைப் பதிவாக) வைத்து, விட்ஜெட் அதைப் படிக்கட்டும் என்று நினைக்கிறேன். சரிதானா? அப்புறம், வேகத்துக்காகப் பக்கத்தின் நகலைச் சேமித்துக் காட்டும் கேஷ் பிளக்இன் போட்டால் பழைய விலையே தெரியுமே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நாகர்கோவில் பக்கம் யாராவது செய்திருந்தால் நேரிலேயே வந்து பார்க்கிறேன்.