பள்ளிப் பிள்ளைகளின் மை பேனாவை மாற்றியது எது? பிடிப்பா, கார்ட்ரிட்ஜா?

மைக்கூடு:
லாமி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் சஃபாரி பேனாவைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், ‘பிள்ளைகளுக்கென்று யோசித்துச் செய்த முதல் பேனா’ என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சஃபாரி வந்தது 1980இல். அதற்கு 20 வருடம் முன்பே, 1960இல், ஜெர்மனியின் ஹனோவரைச் சேர்ந்த பெலிக்கன் நிறுவனம் ஆசிரியர்களின் யோசனைகளையும் கேட்டுப் பெலிக்கானோ என்ற பள்ளிப் பேனாவைக் கொண்டுவந்துவிட்டது. எஃகு நிப், கார்ட்ரிட்ஜ் (மை அடைத்து வரும் சின்னக் குழாய், தீர்ந்தால் புதிதாக ஒன்றைச் செருகலாம்), அடிபட்டாலும் தாங்கும் உடல். பள்ளிப் பேனாவுக்கு வேண்டிய எல்லாம் அதிலேயே இருந்தது.

அதில் முக்கியமானது கார்ட்ரிட்ஜ்தான். அதற்கு முன்பு ஒரு பிள்ளை பேனா வைத்திருந்தால், பக்கத்தில் மைப்புட்டியும் வேண்டும், துடைக்கத் துணியும் வேண்டும், நிரப்பித் தர ஒரு பெரியவரும் வேண்டும். கார்ட்ரிட்ஜ் வந்ததும் இந்த மூன்றும் போயின. பிடிப்பை முக்கோணமாக்கியது அதன் மேல் செய்த அலங்காரம்.

சாய்வெழுத்து:
அலங்காரமா! நண்பரே, சஃபாரியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறீர்களா?

வடிவமைப்பாளர் வொல்ஃப்காங் ஃபாபியனும் பேராசிரியர் பெர்ன்ட் ஷ்பீகலின் மான்ஹைம் குழுவும் அதை வடிவமைத்தபோது, 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் உட்கார இரண்டு சாய்வான தளங்கள். மேசையில் உருளாமல் இருக்க உடலின் பக்கங்கள் தட்டை. மை எவ்வளவு மிச்சம் என்று திறக்காமலே பார்க்க ஒரு ஜன்னல். தடித்த துணியிலும் மாட்ட வளைத்த கம்பி கிளிப். உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக், லெகோ கட்டைகளுக்குப் பயன்படும் அதே பொருள். கீழே விழுந்தால் சுலபத்தில் உடையாது.

பெலிக்கானோவில் சாமான் எல்லாம் இருந்தது, சரி. ஆனால் பேனாவின் உருவம் என்னவோ பெரியவர்கள் பேனாவின் மலிவுப் பதிப்புதான். உருவத்தையே பிள்ளையிடமிருந்து தொடங்கியது சஃபாரி. அப்புறம், கார்ட்ரிட்ஜ் பிள்ளைகளுக்காக வந்த பொருளே இல்லை. பிரான்ஸில் ஜிஃப் வாட்டர்மேன் என்ற பேனா நிறுவனம் 1936லேயே கண்ணாடிக் கார்ட்ரிட்ஜ் விற்றது. பிளாஸ்டிக்கில் அது வந்தது 1950களில், அமெரிக்க வாட்டர்மேனின் பெரியவர்கள் பேனாவில். பள்ளி அதைக் கடன் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

மைக்கூடு:
யாருக்காகப் பிறந்தது என்பதா கேள்வி? யாருக்கு அதிகம் உதவியது என்பதுதானே.

பேனா ஏன் மை கக்குகிறது என்று பாருங்கள். தொட்டி பாதி காலியானால் மீதி இடத்தில் காற்று இருக்கும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரியும், விரிந்து மையை வெளியே தள்ளும். பெரிய தொட்டி என்றால் காற்றும் அதிகம், கக்குவதும் அதிகம். சின்ன கார்ட்ரிட்ஜில் சுமார் 0.8 மில்லிலிட்டர் மைதான். அதில் விரிய என்ன காற்று இருக்கும்? நோட்டில் பொட்டென்று சொட்டு விழுவது குறைந்ததற்கு இதுவே காரணம்.

மை பாதியில் தீர்ந்தாலும் பிரச்சினை இல்லை. பல பேனாக்களின் உடலுக்குள் முதுகோடு முதுகாக இன்னொரு குட்டிக் கார்ட்ரிட்ஜ் வைத்துக்கொள்ளலாம். பெலிக்கனுக்குப் போட்டியாக அதே ஹனோவரில் இருந்த கெஹா, பிஸ்டன் பேனாவில் (புட்டியிலிருந்து மையை உறிஞ்சி நிரப்பும் பேனா) இதே சிக்கலைத் தீர்க்க ஒரு தனிச் சேமிப்புத் தொட்டியே வைத்துப் பார்த்தது. அழகான யோசனை, எனக்கும் பிடிக்கும். ஆனால் கார்ட்ரிட்ஜ் முன்னால் அது நிற்கவில்லை.

நீலக்கறை:
குறுக்கே வருகிறேன். கக்காமல் இருப்பதன் புகழை முழுக்கக் கார்ட்ரிட்ஜுக்குக் கொடுப்பது அநியாயம். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கைக் கவனியுங்கள். சீப்புப் பல் போல வரிசையாக இடுக்குகள் இருக்கும். அதிகமாக வரும் மை அங்கே தங்கி, பிறகு மெல்ல நிப்புக்குப் போகும். பார்க்கர் 51 வந்த 1941லேயே நிறைய இடுக்குகள் கொண்ட சேகரிப்பான் இருந்தது, ஆனால் அது பிள்ளைகளுக்கு வாங்கித் தரக்கூடிய விலையில் இல்லை. பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து இந்த நாக்கை மலிவாகச் செய்ய முடிந்த பிறகுதான் சாதாரணப் பள்ளிப் பேனா நம்பகமானது.

கோடுபோட்டதாள்:
நீங்கள் எல்லோரும் பேனாவின் நடுவிலேயே நிற்கிறீர்கள். நுனிக்கு வாருங்கள்.

பிள்ளைக்கு எழுத்து கஷ்டமானது கூர்நிப்பால். அழுத்தினால் தடிப்பு, விட்டால் மெலிவு என்று எழுத வேண்டிய பழைய ஜெர்மன் கையெழுத்து, ஆறு வயதுக் கைக்குச் சித்திரவதை. லுட்விக் சுட்டர்லின் 1911இல் அமைத்த எழுத்து, பிரஷ்யப் பள்ளிகளில் 1915 முதல் சொல்லிக்கொடுக்கப்பட்டது. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே தடிமனில் கோடு போடும் உருண்டை முனை நிப்பை வைத்துக்கொண்டே அந்த எழுத்தை அமைத்தார்கள். அதுவும் தொட்டு எழுதும் பேனாவில்! கார்ட்ரிட்ஜும் இல்லை, முக்கோணமும் இல்லை.

பிற்காலத்தில் பெலிக்கானோவில் ‘ஏ’ என்று குறித்த தொடக்கநிலை நிப் வந்ததே, அதன் முனையும் உருண்டைதான். பேனாவைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தாலும் எழுதும். பிடிப்புத் தளம் விரலை ஒழுங்குபடுத்துகிறது, உருண்டை முனை விரலின் தப்பைப் பொறுத்துக்கொள்கிறது. நான் பொறுத்துக்கொள்வதன் பக்கம்.

சாய்வெழுத்து:
கோடுபோட்டதாள் சொன்னது யோசிக்க வேண்டியதுதான். ஆனால் முனை பொறுத்துக்கொண்டால் போதும் என்றால், ஜப்பானின் பைலட் நிறுவனம் 2013இல் கக்குனோ பேனாவை ஏன் அப்படிச் செய்தது? பிள்ளைகளின் முதல் மை பேனா என்று 1,000 யென்னுக்கு விட்டார்கள். அறுகோண உடல், விரலுக்கு மழுங்கிய முக்கோணப் பிடிப்பு, அதற்கு மேல் நிப்பிலேயே ஒரு சிரித்த முகம். முகம் உங்களைப் பார்த்துச் சிரித்தால் பேனாவைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். திட்டவும் இல்லை, அதட்டவும் இல்லை. என்னைக் கேட்டால் பள்ளிப் பேனா வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான விஷயம் அந்தச் சிரிப்புதான்.

இடக்கை:
சிரிப்பு இருக்கட்டும். இந்த வரலாறு முழுக்க வலக்கைக்காரர்கள் வரலாறாகவே ஓடுகிறது.

இடக்கையால் எழுதும் பிள்ளை நிப்பை இழுப்பதில்லை, தாளுக்குள் தள்ளுகிறது. நிப் கீறும். எழுதிய ஈர மை மேலேயே கையும் ஊர்ந்து போகும். சஃபாரியின் இரண்டு தளங்களும் இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் எந்தக் கையும் பிடிக்கலாம், அந்த அளவில் சரி. பெலிக்கானோவோ இடக்கைக்கென்று தனிப் பிடிப்பும் தனி நிப்பும் வைத்த ஒரு வகையையே கொடுக்கிறது. சாய்வெழுத்து அவர்களே, ஒரே கைக்கு வார்த்த பிடிப்பு மற்ற கைக்கு இடைஞ்சல் என்பதை உங்கள் வாதத்தில் எங்கே வைப்பீர்கள்? எனக்கு விரல் பிடிக்கும் இடம் உருளையாக இருந்த பழைய கழுத்தே மேல், எப்படி வேண்டுமானாலும் சாய்த்துக்கொள்ளலாம்.

சாய்வெழுத்து:
அதற்குத்தான் சஃபாரியை முன்னால் வைத்தேன். இரு கைக்கும் பொதுவான முக்கோணம் முடியும் என்று அது காட்டிவிட்டது.

மைக்கூடு:
பொதுவான முக்கோணம் கொடுத்தவர்கள் பொதுவான கார்ட்ரிட்ஜ் கொடுக்கவில்லையே! லாமி பேனாவுக்கு லாமி கார்ட்ரிட்ஜ்தான் போட வேண்டும். பெலிக்கானோவில் பல நிறுவனங்கள் செய்யும் பொது அளவுக் கார்ட்ரிட்ஜ் போகும். மை தீர்ந்த பிள்ளை பக்கத்து இருக்கையில் ஒன்று கடன் வாங்கி எழுதலாம். வடிவமைப்பு என்றால் இதுவும் சேர்த்திதான்.

நீலக்கறை:
அது கார்ட்ரிட்ஜுக்கு ஆதரவான வாதமா, எதிரான வாதமா? தீர்ந்த ஒவ்வொன்றும் குப்பைக்குப் போகிறது. அமெரிக்காவில் எஸ்டர்புரூக் என்ற பேனா நிறுவனம் வேறு வழி காட்டியது. நிப் வளைந்துபோனால் அதைக் கையாலேயே திருகிக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போடலாம், மீதிப் பேனா அப்படியே இருக்கும். மாணவர்களுக்கென்றே 1551 என்று எண் போட்ட நிப் விற்றார்கள். பிள்ளை பேனாவைத் தலைகீழாகப் போடும், அதில் சந்தேகமே இல்லை. அப்போது பழுதாவது நிப்தான். அதைச் சுலபமாக மாற்ற வழி வைத்ததை விடப் பெரிய பள்ளி வடிவமைப்பு எது?

மைக்கூடு:
எஸ்டர்புரூக்கின் புகழ்பெற்ற ஜே வரிசையில் நெம்புகோலை இழுத்து மைப்புட்டியிலிருந்துதான் நிரப்ப வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையிடம் புட்டியைக் கொடுத்துவிட்டு மேசைவிரிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.