அவசரம்: மரத்தின் பட்டை உரிந்து விழுகிறது, காப்பாற்ற முடியுமா?

தளிர்: அடிமரத்தில் பட்டை தகடு தகடாக உரிகிறது. மேலே பழுப்பாகக் கோடு கோடாக ஏதோ ஒட்டியிருக்கிறது. மரம் பட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

வேலியோரம்: என்ன மரம்? எத்தனை வயது? படம் இருக்கிறதா?

செம்மண்: கரையான்தான், சந்தேகமே வேண்டாம். வேப்பம் பிண்ணாக்கை வேரடியில் போட்டுக் கிளறிவிடுங்கள்.

நிழல்: கோடு தரையிலிருந்து ஏறுகிறதா, கிளைக் கவையில் மட்டும் இருக்கிறதா? அது தெரியாமல் கரையான் என்று எப்படிச் சொல்வது?

தளிர்: கவைப் பக்கம் மட்டும்தான். என்ன மரம் என்று எனக்கே தெரியவில்லை, நாட்டு மரம் என்று கொடுத்தார்கள். எட்டு வயது. இலை கொய்யா இலை மாதிரி. உரிந்த இடம் வழவழவென்று வெளிர் இளஞ்சிவப்பு. கீழே கிடந்த காயில் இறக்கை போல ஐந்து தட்டையான விளிம்புகள்.

ஆணிவேர்: இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மரத்தின் பெயர் தெரியாமல் மருந்து கேட்காதீர்கள் என்று இங்கே எத்தனை முறை சொல்லியாயிற்று! இது நீர்மருது. பட்டை உரிவது அதன் இயல்பு, நோயே இல்லை.

வேலியோரம்: கருமருதுக்கும் ஐந்து இறக்கை உண்டே ஐயா.

ஆணிவேர்: கருமருதின் பட்டை முதலைத் தோல் போல வெடித்திருக்கும். வழவழப்பு எங்கிருந்து வரும்?

வேலியோரம்: இளமரத்தில் அந்த வெடிப்பு ஆழமாக இருக்காது. காயைப் பார்ப்பதுதான் சரி. இறக்கையின் வரிகள் மேல்நோக்கி வளைந்தால் நீர்மருது, குறுக்கே நேராக ஓடினால் கருமருது.

ஆணிவேர்: முப்பது வருடமாக மரம் பார்க்கிறேன், எனக்குக் காய் தேவையில்லை.

நிழல்: பெயர் விவகாரம் அப்புறம். தளிர், அந்தக் கோட்டைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பாருங்கள். மண்ணாக உதிர்ந்தால் கரையான். மரத்தூளும் புழுக்கையும் நூலாம்படையில் ஒட்டிக்கொண்டு நாடா போல வந்தால் பட்டை தின்னும் புழு. பகலில் கவையில் துளைக்குள் கிடக்கும், இரவில் அந்த நாடாவின் மறைவில் வந்து பட்டையைக் கொறிக்கும். நாடாவைச் சுரண்டிவிட்டுத் துளைக்குள் கம்பியை விட்டுக் குத்துங்கள்.

செம்மண்: அப்படியானால் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் துளையில் திணித்துக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். உள்ளேயே செத்துவிடும்.

வேலியோரம்: முதலில் கம்பி போதும். எண்ணெய் பட்டையில் வழிந்தால் பச்சைப் பட்டை வெந்துவிடும்.

தளிர்: நூல் நூலாகத்தான் வந்தது. துளையில் கம்பி விட்டதும் புழு நசுங்கி வந்தது. காயின் வரி மேலே வளைந்திருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

நிழல்: நல்லது. துளை ஒன்றுதானா? மற்ற கவைகளையும் பார்த்தீர்களா?