‘லோக்கல் பிரேக்அவுட்’டுக்குக் கிளைமடை சரிவருமா?

வணக்கம்ங்க. நெட்வொர்க் சொற்களைத் தமிழாக்குகையில், வந்துபோகும் போக்குவரத்தைச் சோதித்து விடும் ஃபயர்வாலுக்குத் தீயரண் நிலைத்துவிட்டது. தலைமையகத்தையும் கிளையையும் இணையம் வழியே குறியாக்கத்தோடு இணைக்கும் ஐபிசெக் டனலைச் சுரங்கம் என்கிறோம், அதுவும் பழகிவிட்டது. கிளையின் இணையப் போக்குவரத்தைத் தலைமையகம் சுற்றாமல் அங்கிருந்தே வெளியே விடும் ‘லோக்கல் பிரேக்அவுட்’தான் நிற்கிறது. ‘உள்ளூர் வெளியேற்றம்’ என்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்வதுபோல் இருக்கிறது. ‘புறவாசல்’ ஏற்கெனவே ‘பேக்டோர்’ என்ற திருட்டு வழிக்குப் போய்விட்டது. வேறு ஏதாவது சொல்லுங்கண்ணா.

— கோவை

கிளைமடை என்று வைக்கலாம் தம்பி. திருப்பூரில் ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் பையிங் ஆபீஸ் இருக்கிறது என்று வையுங்கள். பழைய முறையில் அங்கே எந்த இணையதளத்தைத் திறந்தாலும் எம்.பி.எல்.எஸ். என்ற நிறுவனத் தனித்தடத்தில் ஃபிராங்க்ஃபர்ட் போய், அங்குள்ள தீயரணைக் கடந்துதான் வெளியே போகும். மின்னஞ்சலில் தாமதம் தெரியாது, டீம்ஸ் அழைப்பில் குரல் உடையும். இப்போது கிளையிலேயே ஒரு தீயரண் வைத்து, தலைமையகம் குறித்துக்கொடுத்த சேவைகளை மட்டும் உள்ளூர் இணைப்பில் நேரே விடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் தன் 365 சேவைகளின் முகவரிகளை ஆப்டிமைஸ், அலவ், டிஃபால்ட் என்று மூன்றாகப் பிரித்தே வெளியிடுகிறது. முதல் வகையை நேரே விட்டாலே பாதிப் புகார் அடங்கும். டீம்ஸ் குரலும் படமும் யு.டி.பி. நெறிமுறையின் 3478 முதல் 3481 வரையிலான போர்ட்களில் (வாசல் எண்களில்) போகும். மிச்சமெல்லாம் சுரங்கத்தில். கீழ்பவானிப் பாசனக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்: மடை இருப்பது நம் காட்டில், திறப்பது முறைப்படி.

மடை திறந்தும் பயனில்லாமல் போவது பெரும்பாலும் தளப்பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ்.ஸால். பெயர்க் கேள்வி மட்டும் பழையபடி ஃபிராங்க்ஃபர்ட்டுக்கே போகும். பல சேவைகள் கேட்ட இடத்துக்குப் பக்கத்துச் சர்வரைக் காட்டுபவை என்பதால், திருப்பூர்க்காரர் நேர்வழியில் கிளம்பியும் ஜெர்மனிக்கே போய்ச் சேர்வார். நிறுவனத்தின் உள்பெயர்களைத் தலைமையகத்துக்கும், நேரே விடும் சேவைகளின் பெயர்களை உள்ளூருக்கும் பிரித்து அனுப்ப வேண்டும்.

அடுத்தது நாட், அதாவது வெளியே போகும் பாக்கெட்டின் (தரவுப் பொட்டலத்தின்) உள்முகவரியைப் பொதுமுகவரியாக மாற்றுவது. மடைக்காகப் போட்ட நாட் விதி சுரங்கப் போக்குவரத்தையும் பிடித்துக்கொண்டால் மூல முகவரி மாறிவிடும். எதிர்முனை எதிர்பார்க்கும் முகவரி அதுவல்ல, பாக்கெட் விழும். சுரங்கத்துக்கான விலக்கு மேலே, மடையின் நாட் கீழே.

ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாகலாம் என்ற வரம்பான எம்.டி.யூ.வையும் பாருங்கள். ஈதர்நெட்டில் 1500 பைட், பயனர்பெயர், கடவுச்சொல் கொண்டு நுழையும் பி.பி.பி.ஓ.ஈ. இணைப்பில் 1492, ஐபிசெக் உறை அதிலும் கடிக்கும். சின்ன பாக்கெட் போகும், பெரிய பி.டி.எஃப். பாதியில் நிற்கும். பாதுகாப்பு என்று, பிழைச் சேதிகளைச் சுமக்கும் ஐ.சி.எம்.பி.யை மொத்தமாக அடைத்திருந்தால் ‘பாக்கெட் பெரிது’ என்ற சேதியும் திரும்பி வராது. சுரங்கத்தில் டி.சி.பி. எம்.எஸ்.எஸ்.ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை, 1350 பைட் வாக்கில் பிடித்தால் பெரும்பாலும் சரியாகும்.

— ஈரோடு

ஒரு ஆட்சேபம். ‘மடை திறந்த வெள்ளம்’ என்றுதானே சொல்லிப் பழக்கம்? சோதனையே இல்லாமல் விடுவதாகப் படிப்பவர் நினைக்கமாட்டாரா?

— பொள்ளாச்சி

அப்படியே அமைத்து வைக்கிறவர்களும் உண்டுங்க. ‘உள்ளிருந்து இணையத்துக்கு எல்லாம் அனுமதி’ என்று ஒரு விதியைத் தூக்கி மேலே வைத்துவிடுவார்கள். பெரும்பாலான தீயரண்களில் விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். கீழே தலைமையகம் அனுப்பிய 40 தடை விதி இருந்தாலும் எதிலும் பொருந்திய தடவைகளின் எண்ணிக்கை ஏறாது. அதனால் மையத்தின் விதிகள் முன்னால், கிளை நிர்வாகி சேர்ப்பவை நடுவில், எல்லாவற்றுக்கும் கீழே பதிவோடு (லாக்) கூடிய முழுத்தடை. தானாக வரும் முழுத்தடை பல கருவிகளில் பதிவு எழுதாது, அதைக் கையால் போடுவதே நல்லது. பட்டியலில் உள்ளதை மட்டும் மடைப்பக்கம் திருப்பும் வேலைக்கு மடைமாற்று என்றே எழுதலாம், நாளிதழிலேயே புழங்குகிற சொல்தான்.

— ஈரோடு

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்பவரின் ‘ஸ்பிளிட் டனல்’, அதாவது சிலதை மட்டும் சுரங்கத்தில் அனுப்பி மற்றதை நேரே விடுவது, இதில் சேராது. அங்கே கிளையும் இல்லை, கிளைத் தீயரணும் இல்லை, பிரிப்பது மடிக்கணினியிலுள்ள மென்பொருள். அதற்குப் பிரிசுரங்கம் என்று சொற்பட்டியலில் தனிப் பதிவு போடுங்கள்.

— பொள்ளாச்சி