புதுப்பிப்பு: 1/32 மிக்-21க்கு எந்தக் கூடுதல் பாகங்கள்?

டிரம்பெட்டர் நிறுவனத்தின் 1/32 அளவு மிக்-21எம்எஃப் போர் விமான மாடல் கிட்டுக்கு ரெசின் (வார்த்த பிசின்) பாகங்கள் வாங்கலாமா, எட்ச் தகடு (அரித்து வெட்டிய மெல்லிய உலோகப் பாகங்கள்) போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

ரெசின் இருக்கை, பித்தளை பிடோ குழாய் (விமானத்தின் வேகம் அளக்கும் குழாய்), இரண்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். எம்எஃப்பில் அந்தக் குழாய் மூக்கின் மேலே, சற்று வலப்பக்கம் தள்ளி நீண்டு நிற்கும். பிளாஸ்டிக் என்றால் கை பட்டாலே ஒடியும். கேனப்பியை (விமானி அறையின் கண்ணாடி மூடியை) திறந்து வைக்கப் போகிறேன், கண் முதலில் இருக்கைக்குத்தான் போகும். சக்கரங்கள் மடங்கி உள்ளே போகும் அறைக்கான தொகுப்பு வேண்டாம்.

அப்புறம், ரெசினுக்குப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது, சூப்பர் குளூதான். பாலக்காட்டுப் பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை ஈரத்தில் அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். அதனால் கேனப்பிக்கு மட்டும் வெள்ளைப் பசை. ரெசினைத் தண்ணீர் தொட்டே தேயுங்கள், முகக்கவசமும் வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.