கால் எடுத்த பிறகும் இழுக்கும் கார்: குடும்பக் குழுவில் இரண்டு நாள்

சனிக்கிழமை

நான், காலை 7:40
மாமா, அப்பாவின் பழைய ஆட்டோமேட்டிக் கார் பத்து நாள்களாகச் சரியில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் முள் 1,500-க்குக் கீழே இறங்குவதில்லை. டிரைவில் போட்டு நின்றால் பிரேக்கை வழக்கத்தைவிடப் பலமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. நேற்று மாலை ஆக்சிலரேட்டரை விட்டுவிட்ட பிறகும் கார் சில விநாடிகள் முன்னோக்கி இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. அப்பா அதைச் சாதாரணமாகச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா, காலை 7:52
பத்தொன்பது ஆண்டுகள் ஓடிய வண்டி. சிறு குறைகள் இருக்கத்தான் செய்யும். பிரேக் பிடித்தால் நிற்கிறது. எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலில் உள்ள ஐடில் (மிதியைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தினால் முள் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

மாமா, காலை 8:05
அத்தான், அந்த ஸ்க்ரூவைத் தயவுசெய்து தொடாதீர்கள். த்ராட்டில் தகடு முழுவதும் மூடிய நிலை எது என்பதை அந்த ஸ்க்ரூவை வைத்துத்தான் தொழிற்சாலையில் அமைத்திருப்பார்கள். அதைத் திருப்பினால் தகட்டின் நிலையை அளக்கும் சென்சார் காட்டும் கணக்கு மாறி, மூலக் கோளாறு மறைந்து, புதிதாக ஒரு கோளாறும் சேர்ந்துகொள்ளும். காரணம் தெரியும்வரை வண்டியைச் சாலையில் எடுக்கவும் வேண்டாம். கியர் மாற்றும் காரில் ஐடில் கூடினால் கிளட்சை மிதித்து எஞ்சினைப் பிரித்துவிடலாம். ஆட்டோமேட்டிக்கில் டிரைவிலோ ரிவர்ஸிலோ இருக்கும் நேரமெல்லாம் எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் எஞ்சினின் உந்துதலைச் சக்கரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சூடான எஞ்சின் 700 முதல் 800 வரை சுற்ற வேண்டிய இடத்தில் 1,500 சுற்றினால், நீங்கள் நிற்கும் ஒவ்வொரு முறையும் பிரேக் அந்த உந்துதலோடு போராடுகிறது என்றே பொருள்.

அம்மா, காலை 8:11
தம்பி, ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி தானாக வேகம் எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் எழுது. எல்லோரும் படித்து வைத்துக்கொள்ளட்டும்.

மாமா, காலை 8:20
அக்கா சொல்வது சரி. பிரேக்கை ஒரே மூச்சில் முழு பலத்துடன் மிதித்து, விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. த்ராட்டில் அகலத் திறந்திருக்கும்போது எஞ்சினில் வேக்யூம் (உறிஞ்சும் வெற்றிடம்) உண்டாகாது. அந்த வேக்யூமால் பிரேக் மிதிக்குத் துணைவிசை தரும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்து, அதன் பிறகு மிதி கல்லாக இறுகிவிடும். பிரேக்கை அழுத்தியபடியே லிவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் பயங்கரமாக உறுமும், உறுமட்டும். சக்கரத்துக்கு விசை போகாது. ஓரமாக நிறுத்திய பிறகே சாவியை அணையுங்கள். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

அண்ணன், காலை 8:34
மாமா, இது கணினிக் கோளாறாக இருக்குமா? எலக்ட்ரானிக் பிழையால் கார்கள் தாமாகப் பாய்ந்ததாகப் படித்திருக்கிறேன்.

மாமா, காலை 8:47
அத்தானின் வண்டியில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருப்பது ஒரு கம்பி கேபிள். கணினி நினைத்தாலும் அந்தத் தகட்டைத் திறக்க வழியில்லை. தகட்டைச் சுற்றிக் காற்றை விடும் ஐடில் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்றைக் கூட்டிக் குறைக்கத்தான் அதனால் முடியும். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள டொயோட்டா கார்களையே நாசா பொறியாளர்கள் ஆராய்ந்து, ஆபத்தான அளவுக்குத் த்ராட்டிலைத் திறக்கக்கூடிய மின்னணுக் கோளாறு எதையும் காணவில்லை என்று 2011-இல் அறிக்கை தந்தார்கள். அந்த விசாரணையில் உறுதியானவை மிதி ஒட்டிக்கொண்டதும், தரை விரிப்பு மிதியில் சிக்கியதும்தான். ஆகவே நாமும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவற்றிலிருந்தே தொடங்குவோம்.

எனக்கு ஓர் ஐயம் உண்டு. நின்ற இடத்தில் ஐடில் கூடியிருப்பதும், கால் எடுத்த பிறகு இழுப்பதும் ஒரே நோயாக இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

அண்ணன், காலை 10:15
எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். தரை விரிப்பின் கொக்கி கழன்று, விரிப்பு மிதியின் அடியில் நகர்ந்திருந்தது; எடுத்துவிட்டேன். பிறகு மிதியைக் கையால் அழுத்தி விட்டபோது, முக்கால் பங்கு வேகமாகத் திரும்பி, கடைசி கால் பங்கில் தயங்கி நின்று பிறகுதான் வந்தது.

மாமா, காலை 10:24
கேபிளைத் த்ராட்டில் முனையில் கழற்றிவிட்டு, தகட்டை விரலால் திறந்து விடு. பட்டென்று மூடினால் தகட்டிலும் ஸ்பிரிங்கிலும் குறையில்லை, கேபிள்தான் காரணம். ஒட்டிக்கொண்டு நின்றால் தகட்டின் விளிம்பில் கரி படிந்திருக்கிறது. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்டையும் ஒரு பார்வை பார்த்துவிடு. மவுன்ட் ரப்பர் கிழிந்த பழைய கார்களில் வேகம் கொடுக்கும்போது எஞ்சின் சாய்ந்து, கேபிளைத் தானே இழுத்துவிடுவதைப் பட்டறையில் பலமுறை கண்டிருக்கிறேன். அதைக் காணாமல் விட்டுவிட்டுச் சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தை இழந்தவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அண்ணன், காலை 11:02
தகடு பட்டென்று மூடுகிறது. மவுன்ட் உறுதியாக உள்ளது. கேபிளின் உறை வளையும் இடத்தில் உள்ளிழைகள் இரண்டு அறுந்து, உறைக்குள் உரசுகின்றன.

மாமா, காலை 11:06
நேற்று இழுத்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. எண்ணெய் விட்டு ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. இழை அறுந்த கேபிளை மாற்றத்தான் வேண்டும்.

நான், மாலை 5:30
கேபிள் மாற்றியாகிவிட்டது, மிதி தயக்கமின்றித் திரும்புகிறது. ஆனால் நீங்கள் ஐயப்பட்டபடியே முள் இன்னும் 1,450-இல் நிற்கிறது. ஏசியும் விளக்குகளும் அணைத்தே இருக்கின்றன.

மாமா, மாலை 5:48
கேபிளில் சிறிது தளர்வு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டியிருந்தால் அதுவே ஐடிலை ஏற்றிவிடும். தளர்வு இருந்தால், தகடு மூடியிருந்தும் எங்கோ வேறு வழியில் காற்று நுழைகிறது. வழிகள் மூன்று எனக்குத் தோன்றுகின்றன: கரி படிந்து திறந்தபடி நின்றுவிட்ட ஐடில் வால்வு, வெடித்த வேக்யூம் குழாய், அல்லது எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று பொய் சொல்லும் வெப்பச் சென்சார். கடைசியை, காரின் கணினியில் உள்ள அளவுகளைப் படிக்கும் ஸ்கேனரில் ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடலாம். சூடான எஞ்சினுக்கு 80 முதல் 100 டிகிரிக்குள் காட்ட வேண்டும்; 20, 30 என்று காட்டினால் கணினி காலைக் குளிரில் கொடுப்பதுபோல் வேகத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

அண்ணன், மாலை 6:20
கேபிளில் தளர்வு இருக்கிறது. ஸ்கேனர் 91 டிகிரி காட்டுகிறது.

மாமா, மாலை 6:27
நல்லது, இனிக் காற்றைத் தேடுவோம். நாளை பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். லிவர் பார்க்கில், கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்கு அடைப்பு வைத்து, சட்டைக் கையும் துப்பட்டாவும் பெல்ட்டுக்கு அருகே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கசிவைத் தேட எரியக்கூடிய கிளீனரைச் சூடான எஞ்சின்மேல் அடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக, துணி சுற்றிய இடுக்கியால் மெதுவாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது முள் இறங்குகிறதோ, காற்று அந்த வழியாக வருகிறது.

அத்தான், ஒரு கேள்வி. சில நாள்களாகப் பிரேக் மிதி கடினமாக இருக்கிறதா?

அப்பா, மாலை 6:41
ஆமாம் மச்சான், இரண்டு வாரமாகவே கடினமாக இருக்கிறது. வயதாகிறதே, என் காலில் வலுக் குறைந்துவிட்டது என்று நினைத்து நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாமா, மாலை 6:44
உங்கள் காலில் குறை இருக்காது என்றே தோன்றுகிறது. நாளை பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை முதலில் நசுக்கிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

அண்ணன், காலை 9:50
அந்தக் குழாயை நசுக்கியவுடன் முள் 1,450-இலிருந்து 850-க்கு இறங்கியது. கழற்றிப் பார்த்தால், எஞ்சின் பக்கத்து வளைவின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நகம் நீளத்துக்கு வெடித்திருக்கிறது.

நான், காலை 9:58
மாமா, குழாய் வெடித்தால் எஞ்சின் அணைந்துபோகும் என்றுதானே சொல்வார்கள்? இங்கே வேகம் ஏறியது ஏன்?

மாமா, காலை 10:10
உள்ளே வரும் காற்றை வாயிலிலேயே அளக்கும் எஞ்சினில், வெடிப்பு வழியே வரும் காற்று கணக்கில் வராது; பெட்ரோல் போதாமல் எஞ்சின் திணறும், சில நேரம் அணையும். நம் வண்டியில், த்ராட்டிலைத் தாண்டி எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடுகிறார்கள். திருட்டுக் காற்றும் அழுத்தத்தைக் கூட்டுவதால், கணினி அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுக்கிறது; வேகம் ஏறுகிறது. குழாயை, அதில் உள்ள ஒருவழி வால்வோடு சேர்த்து மாற்றுங்கள். மாற்றிய பின் எஞ்சினை அணைத்துப் பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்து, மிதியை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி காலடியில் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் நலமாக இருக்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரையும் பார்க்க வேண்டும்.

அப்பா, பிற்பகல் 1:35
புதிய குழாய் போட்டாகிவிட்டது. ஸ்டார்ட் செய்ததும் மிதி காலடியில் மெத்தென்று இறங்கியது. பார்க்கில் 780, டிரைவில் 700. பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது வந்த உதையும் இல்லை. இன்று தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு முறை நின்றபோதும் முள்ளைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒருமுறைகூட 850-ஐத் தாண்டவில்லை. விரிப்பின் கொக்கி கிடைக்கும்வரை ஓட்டுநர் பக்கம் விரிப்பே போடப்போவதில்லை.